திக்காமல் சொன்ன வலி

சித்தி,

இன்று காலையில் என் மாமியார் விளக்குச் சுடரில் வசம்பைக் காட்டிச் சுட்டார். அந்த வாசனை கூடத்தைத் தாண்டி அடுப்படிக்கு வந்தபோது நான் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. கசப்பும் காரமுமாக வந்து நாக்கின் அடியில் உட்கார்ந்துகொள்ளும் வாசனை அது. இந்த வீட்டுக்கு அது புதிதில்லை. ஒரு வருஷமாக அடிக்கடி வருகிறது. வரும்போதெல்லாம் உன்னையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. குடுமியான்மலை வீட்டில், இருபது வயதுப் பெண்ணான நீ, கைக்குழந்தை மாதிரி உன் அக்காவான என் அம்மாவின் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தேனில் உரசிய வசம்புக்காக நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறாய். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டிருக்கிறாய்.

அத்தை அதை வசம்பு என்று சொல்ல மாட்டார். சொன்னால் மருந்து பலிக்காதாம்.

“ஏத்தா, பேர் சொல்லாதத உரசி வச்சிருக்கேன். புள்ளயக் கூட்டிக்கிட்டு இங்கிட்டு வா. நாக்குல தடவணும்.”

பிள்ளை என்றது என் மகள் வள்ளியை. நீ அவளைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குக் குப்புற விழக்கூடத் தெரியாது. இப்போது ஐந்து வயது. போன வருஷம்வரை கிளி மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒருநாள் ‘க... க... கதவு’ என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தோம். அன்றைக்குச் சிரித்த சிரிப்புத்தான்.

“ஒங்க சித்தி இவள மடியில போட்டு ஓயாம பேசிக்கிட்டே கெடந்துச்சுல்ல, அது ஒட்டிக்கிச்சு. போன மகராசி சும்மா போகல, புள்ள நாக்குல ஏறி உக்காந்திருக்கு” என்கிறார் அத்தை. கெட்ட மனசோடு சொல்வதில்லை. மழை வரும், வெயில் அடிக்கும் என்பது மாதிரி சொல்லிவிட்டு முறத்தைத் தட்டப் போய்விடுவார். நான் பி.ஏ. படித்தவள், திக்குவாய் ஒட்டுவாரொட்டி இல்லை என்று அவரிடம் பொறுமையாகச் சொல்வேன். ஆனால் சொல் தொண்டையில் மாட்டிக்கொள்ளும்போது வள்ளியின் இடது இமை துடிக்கிறது, சித்தி. உனக்குத் துடித்த அதே இமை. அதைப் பார்க்கும்போது என் படிப்பு ஒன்றும் எனக்குத் துணைக்கு வருவதில்லை.

நீ போய் ஐந்து வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் எழுதாதவள் இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. இன்று நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும். அதைச் சொல்ல, முதலிலிருந்து வர வேண்டும்.

உன் பெயரை இந்த மடலில் நான் எழுதப்போவதில்லை. அதன் முதல் எழுத்தே உனக்குச் சுவராக நின்றது. இலுப்பூரிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்று நான் தூணைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வயது எனக்கு. வெற்றிலைத் தட்டோடு நீ கூடத்துக்கு வந்தாய். மாப்பிள்ளையின் பெரியம்மா வாயில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு, “பொண்ணு பேரென்னத்தா?” என்று கேட்டார். உன் உதடு பிரிந்தது. இமை துடித்தது. தட்டிலிருந்த பாக்குகள் கலகலவென்று ஆடின. கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா உன் பெயரைச் சொன்னாள்.

“ஒன்னையா கேட்டேன்? ஏன், பொண்ணுக்கு வாயில்லையா?”

அவர்கள் காபியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. வாசலில் வண்டி பூட்டும்போது, “ஊமச்சியத் தலையில கட்டப் பாத்தாகளே!” என்று அந்த அம்மாள் சொன்னது உள்ளேவரை கேட்டது. நீ ஊமையில்லை. ஊமையாக இருந்திருந்தால் பேச வேண்டிய கடனாவது இருந்திருக்காது என்று பிற்பாடு ஒருமுறை என்னிடம் சொன்னாய். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல, கிணற்றில் ஒரு வாளி சேந்துகிற நேரம் ஆயிற்று உனக்கு.

அதற்குப் பிறகு வீடே உனக்கு வாயாகிவிட்டது. அன்புதான். நீ ‘உ’ என்றால் நாங்கள் உப்பை நீட்டுவோம். ‘த’ என்றால் தண்ணீர்ச் செம்பை நீட்டுவோம். தயிர் கேட்க நினைத்து, தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்துபோன நாட்கள் உனக்கு எத்தனையோ. எங்களுக்கு அது தெரியவே தெரியாது. சொல்லை முடித்துக் கொடுப்பது உபகாரம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒட்டகம் வந்த நாள் நினைவிருக்கிறதா? நான் நாலாம் வகுப்பு. கண்வலி வந்து இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மறுநாள் வாத்தியாரிடம் பாடம் ஒப்பிக்க வேண்டும். “நீ படி சித்தி, நான் கேட்டுக்கிறேன்” என்று புத்தகத்தை உன் மடியில் போட்டேன். நீ மூன்றாம் வகுப்போடு நின்றவள். திக்கினதற்கெல்லாம் வாத்தியார் பிரம்பெடுத்ததால் உன்னை நிறுத்திவிட்டார்கள். எழுத்து மறக்கவில்லை. ஆனால் உன்னை வாய்விட்டுப் படிக்கச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் யோசித்துத் தோன்றவில்லை. கண் வலித்தது, கேட்டேன்.

ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு ஆரம்பித்தாய். இரண்டு வரி போனதும், யாரோ உள்ளேயிருந்து பேசுவதுபோல ஒரு குரல் வந்தது. “ஒட்டகம் பாலைவனத்தில் வாழும் விலங்கு. அது நெடுநாள் நீர் அருந்தாமல் இருக்க வல்லது.” ஒரு தடங்கல் இல்லை. கண்ணைத் திறக்க முடியாத எனக்கு, நீதானா பேசுகிறாய் என்றே சந்தேகம் வந்துவிட்டது. கையை நீட்டி உன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அம்மா அகப்பையோடு ஓடிவந்தாள். “யாருடி வந்திருக்கது? டீச்சரம்மாவா?”

நீ புத்தகத்தைப் படாரென்று மூடினாய். “நா... நா... நான்தாங்க்கா.”

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “இன்னொரு வாட்டி படிடி. அந்த ஒட்டகத்தைப் படி” என்றாள். நீ படித்தாய். மறுபடி படிக்கச் சொன்னாள். அடுப்பில் குழம்பு தீய்ந்து நாறும்வரை அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒட்டகம் நடந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்கு இன்றைக்கும் ஒட்டகம் என்றால் கண் கலங்கும். ஒரு ஒட்டகத்தைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை.

கல்யாணமாகாத பெண்ணைப் படிக்க டவுனுக்கு அனுப்புவதா என்று அப்பா முறுக்கிக்கொண்டார். “வீட்டுல வச்சு ஊமையாக்குறதுக்கு, டவுனுல வச்சுப் பேச வைக்கலாம்ல?” என்று அம்மா கேட்ட பிறகு அவர் தலையாட்டிவிட்டார். எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு வீட்டிலிருந்தே படித்தாய். என் பழைய பாடங்கள் எல்லாம் உனக்கு வந்தன. நான் உனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். நீ பின்னால் ஓடிவந்து என்னைப் பிடித்துவிட்டாய். பிறகு புதுக்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி. திரும்பி வந்தபோது நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே டீச்சர்.

திக்கு மட்டும் போகவில்லை. அது உன் வீட்டுப் பேச்சில் அப்படியே இருந்தது. நீ கண்டுபிடித்தது வேறொன்று. புத்தகத்தில் இருப்பதுபோலப் பேசினால் நாக்கு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. “க... கண்ணுக்கு முன்னால ஒரு பக்கம் விரியுதுடி. அ... அதப் பாத்து வாசிச்சிருறேன்” என்றாய் என்னிடம். வெளியாட்களிடம் நீ பேசவேயில்லை, வாசித்தாய்.

பால்காரரிடம், “ஐயா, இன்றைய பாலில் நீர் மிகுந்திருக்கிறது” என்றாய். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, “தாயி, நீங்க சொல்றது வெளங்கல, ஆனா கேக்க நல்லாருக்கு. இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார். மறுநாளும் தண்ணீர்ப் பால்தான். பஸ்ஸில், “குடுமியான்மலைக்கு இரண்டு சீட்டுகள் அளிக்க வேண்டுகிறேன்” என்று நீ கேட்டதும் கண்டக்டர் பயந்துபோய், “அளிக்கிறேன், அளிக்கிறேன். உள்ள போயி அமருங்க தாயே!” என்று கையெடுத்துக் கும்பிட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் அவமானத்தில் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நீ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். தன் வாயாலேயே கேட்டு ஒரு பதிலை வாங்கியவள் முகம் வேறெப்படி இருக்கும்? ஊர்ப் பிள்ளைகள் உனக்கு வைத்த பேர் பொஸ்தக டீச்சர். அந்தப் பேரும் உனக்குப் பிடித்திருந்தது. அதையாவது உன்னால் சொல்ல முடிந்தது.

ஆனால் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே நுழைந்தால் நீ பழைய சித்தி. “அ... அக்கா, ப... பசிக்குது.” எனக்கு அது புரியவில்லை. திருச்சிக் கல்லூரியில் முதல் வருஷம் முடித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தபோது கேட்டேன்: “வெளிய அவ்வளவு அழகா பேசுறியே, வீட்டுலயும் அப்படியே பேசினா என்ன? கஷ்டமே இருக்காதே?”

நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். மடிப்பை நிறுத்தாமல் சொன்னாய்: “அ... அது வெளிய கட்டிக்கிட்டுப் போற சே... சேலைடி. வீட்டுல கட்டிக்கிட்டு அ... அடுப்பூத முடியுமா? படுத்துப் பொ... பொரள முடியுமா?”

நான் சிரித்தேன். அன்று அது வெறும் வேடிக்கைப் பேச்சாகத்தான் என் காதில் விழுந்தது. இப்போது யோசித்தால், படிப்பு நம் நாக்குக்கு என்ன செய்கிறது என்பதை அதைவிடச் சரியாக ஒரு பேராசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கும் அதுதானே நடந்தது. கல்லூரியில் இங்கிலீஷில் பத்துப் பக்கம் எழுதுவேன். ஹாஸ்டலில் காய்ச்சல் வந்து கிடந்தபோது அம்மாவுக்கு எழுதிய கார்டில், ‘உடல்நலம் சிறிது குன்றியிருந்து தற்சமயம் தேறி வருகிறது’ என்று எழுதினேன். அம்மா யாரையோ வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “ஒண்ணுமில்லையாம்” என்று நிம்மதியாக இருந்துவிட்டாளாம். அன்று நான் போர்வைக்குள் கிடந்து அழுதுகொண்டிருந்தேன். படித்த பேச்சில் எல்லாவற்றுக்கும் வார்த்தை இருக்கிறது, சித்தி. சத்தம்தான் இல்லை. நாம் படித்த பாடப்புத்தகம் ஒன்றிலாவது யாருக்காவது வயிறு வலித்ததா? யாராவது ‘ஐயோ’ என்றார்களா?

வள்ளி பிறந்த அன்று என் படிப்புச் சேலை அவிழ்ந்துபோயிற்று. ‘ஆத்தா, என்னால முடியலையே’ என்று நான் போட்ட கூச்சல் கோயில்வரை கேட்டதாம். எல்லாம் முடிந்து நீ உள்ளே வந்தாய். குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் என் காதருகில் குனிந்து, “பி... பி.ஏ. எல்லாம் எ... எங்கடி போச்சு?” என்றாய். வலியிலும் சிரித்துவிட்டேன். மருத்துவச்சி, பைத்தியங்கள் என்று திட்டினாள்.

பிறகு வந்த மாதங்கள்தான் உன்னை நான் மிகவும் நிறைவாகப் பார்த்தவை. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவருவாய். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, “எ... என் ப... பட்டு, எ... என் ப... பவுனு” என்று ஒரு சொல்லுக்கு மூன்று சொல்லாகக் கொட்டுவாய். குழந்தை உன் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு அவசரமில்லை. உன் வாழ்க்கையில் நீ சொல்லி முடிக்கும்வரை காத்திருந்த ஒரே ஆள் அதுவாகத்தான் இருக்கும்.

நான் புகுந்த வீட்டுக்குத் திரும்ப நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்தாய். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று அம்மாவிடம் சொன்னாய்: “வயிற்றில் சிறிது தொந்தரவாக இருக்கிறது. சற்று ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்.”

அம்மா ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். ராத்திரி நீ சாப்பிடவில்லை. காலையில் எழுந்து உட்காரும்போது உன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ரொம்ப வலிக்குதா என்று கேட்டேன். “பொறுத்துக்கொள்ளக்கூடியதாகவே இருக்கிறது” என்றாய். எழுவாய் பயனிலை எல்லாம் அததன் இடத்தில் இருந்த வாக்கியம். அப்படி ஒரு வாக்கியத்தை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

டவுனில் ஒரு டிஸ்பென்ஸரிக்கு அப்பாவும் நானும் உன்னைக் கூட்டிப்போனோம். டாக்டர் என்ன செய்கிறது என்றார். நீ நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவதுபோலச் சொன்னாய்: “நேற்று நண்பகல் முதல் வயிற்றின் வலப்புறத்தில் வலி உள்ளது. உணவில் விருப்பம் இல்லை.” டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனிதர்தான். “டீச்சரம்மா வலியைக்கூட வியாசமா சொல்றாங்களே!” என்றார். வெளியில் ஒரு கிழவனார் பல்வலியில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் மிக்ஸ்சரை ஊற்றிக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: “அஜீரணந்தாங்க. வலின்னா அந்தா கத்துறாரு பாருங்க, அதுதான் வலி. வலிக்கிற வாயி இப்படியா பேசும்?” அப்பாவுக்குப் பாரம் இறங்கிற்று. எனக்கும் இறங்கிற்று.

அம்மாவுக்கு மட்டும் இறங்கவில்லை. அன்று சாயங்காலம் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“அவ திக்காம பேசுறாடி.”

“அதுக்கென்னம்மா?”

“வீட்டுக்குள்ள, எங்கிட்ட, திக்காம பேசுறா. நேத்து மத்தியானத்துலேருந்து ஒரு சொல்லு திக்கல. எனக்குப் பயமா இருக்குடி. அவ திக்குறதுக்குக்கூடத் தெம்பில்லாம கெடக்கா.”

எழுத்து தெரியாத என் அம்மா அதைச் சொன்னதனால் பெரிய அறிவாளி என்று சொல்ல வரவில்லை. அவள் உன் அக்கா. உன் திக்கை இருபத்தைந்து வருஷமாகக் கேட்ட காது அது. அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. திக்கித் திக்கி ஒரு சொல்லை வெளியே தள்ள எத்தனை மூச்சு வேண்டும்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பவளுக்கு அந்த மூச்சு ஏது? எது சுலபமோ அதை நீ எடுத்துக் கட்டிக்கொண்டாய். அந்தச் சேலைக்குள் நீ கருகிக்கொண்டிருந்தது எங்கள் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

விடிந்ததும் வலி விட்டுவிட்டது என்றாய். சிரிக்கக்கூடச் செய்தாய். அம்மா அதை நம்பாமல் வண்டி கட்டச் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் தொட்டுப் பார்த்த உடனே அவர்கள் முகம் மாறிவிட்டது. குடல்வால் உள்ளே வெடித்து நேரமாகிவிட்டது, இவ்வளவு நேரம் எப்படிப் பொறுத்தார்கள் என்று கேட்டார்கள். நாங்கள் என்ன சொல்வோம்? நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள் என்றோம்.

கடைசி நாள் நீ எங்களிடம் திரும்பி வந்தாய். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “ப...” என்றாய். இமை துடித்தது. சித்தி, அந்தத் துடிப்பைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, தெரியுமா? “ப... ப...”

“பாலா?” என்றார் அப்பா. நீ தலையசைத்தாய், இல்லையென்று.

“பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பியாச்சு, கவலப்படாத” என்றது பக்கத்துவீட்டு அக்கா. அதுவும் இல்லை.

“பாப்பாவைப் பாக்கணுமா?” என்றேன் நான். இல்லை. ஆளுக்கொரு சொல்லை உன் வாயில் ஊட்டினோம். ஒவ்வொன்றையும் நீ தள்ளினாய். பிறகு களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாய். அந்தச் சொல் உன்னோடு போய்விட்டது.

ஐந்து வருஷமாக அந்தப் ‘ப’ என் வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறது. அரிசி களையும்போது, தலை வாரும்போது, ஒவ்வொரு சொல்லாக அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறேன். பத்திரம் என்றா? பசி என்றா? பவுனு என்றா? எதற்கும் நீ தலையாட்டுவதில்லை.

இப்போது வள்ளிக்கு வருகிறேன். அவள் திக்க ஆரம்பித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒட்டகம்தான். ஒரு பாடப்புத்தகத்தை வாங்கிவந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நினைத்தபடியே நடந்தது, மனப்பாடமாகச் சொன்னால் திக்கவில்லை. பிறகு வீட்டில் வேண்டியதற்கெல்லாம் வாக்கியங்கள் செய்து கொடுத்தேன். ‘அம்மா, எனக்குப் பசிக்கிறது.’ ‘நான் நலமாக இருக்கிறேன்.’ ‘நன்றி, அமருங்கள்.’ என் கணவர் ஹைஸ்கூல் வாத்தியார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற விஜயதசமிக்கு அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம். அன்று எல்லோர் முன்னாலும் பேச வைக்க வேண்டும் என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். ஒரு மாதமாகப் பிள்ளை வீட்டில் ஒரு சொல்கூடத் திக்கவில்லை. வசம்பை இனி நிறுத்திவிடலாமே என்றுகூட நேற்று அத்தையிடம் சொன்னேன்.

இன்று காலை அந்த வாசனை என்னைப் பிடித்து நிறுத்தியது என்றேனே, அப்போது அத்தை பிள்ளையைக் கூப்பிட்டார். வள்ளி கூடத்தின் குறுக்கே நடந்து வந்தாள். குதிகால் தரையில் படாமல் நடந்தாள்.

“ஏன்டி விந்துற? காலுல என்ன?” என்றார் அத்தை.

வள்ளி நிமிர்ந்து நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள். “ஒன்றும் இல்லை, அப்பத்தா. நான் நலமாக இருக்கிறேன்.”

அரிசி என் கையிலிருந்து தரையில் கொட்டிற்று. அது என் பிள்ளையின் குரல் இல்லை, சித்தி. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் குரல்.

ஓடிப்போய்க் காலைத் தூக்கிப் பார்த்தேன். குதிகால் வீங்கிச் சிவந்து கொதித்தது. நடுவில் கருவேலமுள் ஒடிந்து உள்ளே கிடந்தது. உடம்பும் சுட்டது. எப்போது குத்தியது என்று கேட்டேன். “முந்தாநாள், அம்மா” என்றாள், தெளிவாக. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குப் பேசாமல் நின்றாள். நான் கொடுத்த வாக்கியங்களில் முள்ளுக்கு ஒன்றும் இல்லை. பிள்ளை எதைக்கொண்டு சொல்லும்?

என் கணவர் எட்டிப் பார்த்தார். “முள்ளுதானே? எடுத்துட்டாப் போச்சு. இதுக்குப் போய் ஏன் இப்படி நடுங்குறே?”

“இனிமே இவ வீட்டுல அந்தப் பேச்சுப் பேச வேண்டாம்” என்றேன்.

“நல்லாப் பேசுற புள்ளையக் கெடுக்கப் போறியா? விஜயதசமிக்கு எத்தனை பேர்கிட்ட சொல்லிவச்சிருக்கேன்!”

“அன்னைக்குப் பேசட்டும். பள்ளிக்கூடத்துல பேசட்டும். இந்த வீட்டுக்குள்ள அவ திக்கட்டும்ங்க.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கும் ஏதோ பிடித்திருக்கிறது என்று இருந்தது. அத்தைதான் ஊசியை விளக்கில் காட்டிக்கொண்டே, “வலிச்சா அழுகணும்ல? ரெண்டு நாளா முள்ள வச்சுக்கிட்டு நலமா இருக்கேங்குது. இதென்னடாப்பா புள்ள, கல்லா?” என்றார். என் கணவர் வாசல் பக்கம் போய்விட்டார்.

வள்ளியை மடியில் போட்டுக்கொண்டேன். “பாடம் வேண்டாம்டா. அம்மாகிட்ட ஒன் பேச்சுல சொல்லு. எப்படி இருக்கு?”

என்னை ஒருமுறை பார்த்தாள். அம்மா நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று பார்த்தாள். பிறகு உதடு பிரிந்தது. இமை துடித்தது.

“ப...”

நான் அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“ப... ப...”

“பல்லக் கடிச்சுக்க, ஒரு நிமிசம், எடுத்துர்றேன்” என்று அத்தை ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். என் நாக்கில் பத்துச் சொற்கள் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றையும் விடவில்லை. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மடியில் போட்டுப் பேசியபோது அவள் உன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அதுபோல. வாசலில் மாட்டுவண்டி ஒன்று வந்து, கடந்து, சத்தம் தேய்ந்துபோனது. அவ்வளவு நேரம்.

“ப... பயமா இருக்கும்மா.”

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற அழுகை. அத்தை ஊசியை வைத்து முள்ளை நெம்பி எடுத்தார். சீழும் ரத்தமுமாக வந்தது. அவள் என் தோளைக் கடித்தாள். “வ... வலிக்குது, வி... விடு, கெ... கெழவி” என்று அப்பத்தாவை வைதாள். அத்தை சிரித்துக்கொண்டே, “வையிடி, நல்லா வையி” என்றார்.

உன் சொல்லும் அதுவாகத்தான் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அதுவும் நான் ஊட்டுகிற சொல்லாகிவிடக் கூடாது. அதனால் உன் ‘ப’வை நான் இனிமேல் முடிக்கப்போவதில்லை, சித்தி. அது நீ விட்ட இடத்திலேயே இருக்கட்டும்.

இப்போது பொழுது சாய்ந்துவிட்டது. வள்ளி காலில் துணிக்கட்டோடு என் அருகில் படுத்திருக்கிறாள். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. என் விரல்களிலும் அவள் வாயிலும் வசம்பு வாசனை. என்னமோ கேட்க வாயைத் திறந்திருக்கிறாள், ‘த’ என்கிறாள். தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப்போகிறேன்.